நாம்பனுக்கு எங்கே சந்தை?

கிண்ணியா என்றால் வெளியூராருக்குத் தயிர்ச் சட்டிதான் ஞாபகம் வரும். அந்தப் பால் தாற பட்டிகளில் பிறக்கிற நாம்பன் கன்றுகள் என்னவாகுது என்று நாங்கள் கேக்கிறது குறைவு. முந்தி உழவுக்கும் வண்டிக்கும் போச்சு. உழவு இயந்திரம் வந்த பிறகு இறைச்சிக்கடைதான் மிச்சம். பட்டிக்காரருக்கு அவசரத்துக்குக் கைகொடுக்கிறதும் அந்தக் காசுதான்.

சட்டம் இதுக்குள்ள வந்தது நேற்று இல்லை. வெள்ளைக்காரன் காலத்து 1893ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இறைச்சிக்கடைக்கு அனுமதிப்பத்திரம் கேட்டது. 1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டம் மாடு அறுக்கிறதுக்கும் கொண்டுபோறதுக்கும் கட்டுப்பாடு வைத்தது. இரண்டுமே தொழிலை ஒழுங்குபடுத்தின, ஒழிக்கவில்லை.

2020 செப்டம்பரில் அமைச்சரவை மாடறுப்பையே நிறுத்தக் கொள்கையளவில் உடன்பட்டது. அதே தீர்மானம், சாப்பிடுகிறவர்களுக்கு இறைச்சியை இறக்குமதி செய்யலாம் என்றது. அதாவது வெளிநாட்டு மாடு அறுபடலாம். அந்தக் காசு மட்டும் எங்கட பட்டிக்கு வரக்கூடாது! 2021 ஒக்டோபரில் சட்டங்களைத் திருத்தவும் அனுமதி கிடைத்தது.

மாடு வதைபடக்கூடாது என்ற கவலை எங்களுக்கும் உண்டு. அதுக்கு வழி சுத்தமான மடுவம், ஒழுங்கான மிருக வைத்தியப் பரிசோதனை, பறிபோகாத மேய்ச்சல்தரை. நாம்பனை விற்க முடியாத ஊரில் பட்டி நிலைக்காது. பட்டி போனால் தயிர்ச் சட்டியும் வெறுஞ்சட்டிதான்.