தாயின் குரல்

1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியையும் உடனிருந்த பலரையும் பலிகொண்ட குண்டுவெடிப்பின் வழக்கில், 9 வோல்ட் பாட்டரிகள் இரண்டை வாங்கித் தந்ததாகக் குற்றம் சாட்டப்பெற்ற 19 வயது பேரறிவாளனின் தாயார் அற்புதம்மாள், ஜோலார்பேட்டையிலிருந்து புறப்பட்டு, சிறை வாயில்களிலும் நியாயஸ்தலங்களிலும் பொதுமேடைகளிலும் முப்பதாண்டுக்கு மேல் மன்றாடினார். மகன்மீதான பழியைப் பெற்றவள்மீது ஏற்றுவது தர்மமன்று; அவள் வாயை அடைப்பதும் அநியாயமே. ஆயினும் அன்று மாண்ட காவலர், பொதுமக்கள் ஆகியோரின் குடும்பங்களுக்கும் அதே மேடை உரியது. அவர்களிற் சிலர் பேரறிவாளனின் விடுதலையை ஆட்சேபித்தபோது நாம் செவிசாய்த்தது சொற்பமே என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன். பேரறிவாளனின் வாக்குமூலத்தில் ஒரு பகுதியைத் தாம் விட்டுவிட்டதாக, அதைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரியே 2013-இல் கூறியபின் தாயின் வாதத்துக்குப் புதிய வலு பிறந்தது. 2014-இல் மகனின் தூக்குத் தண்டனை ஆயுளாகக் குறைந்தது. 2022 மே 18 அன்று உச்சநீதிமன்றம் பேரறிவாளனை விடுவித்தது.