மூட்டையாகிப் போன சேலைகள்

பழைய உடுப்பை வெட்டிப் புது உடுப்பாகத் தைக்கிறது இப்ப பெரிய பேச்சாக இருக்கிறது. நல்ல விசயம்தான். ஒரு பருத்தி ரீசேட்டுக்கு ஏறத்தாழ 2,700 லீற்றர் தண்ணீர் போகிறது என்று கணக்குச் சொல்கிறார்கள். குளத்தை நம்பி இருக்கிற வன்னிப் பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கு உடனே விளங்கும்.

ஆனால் இந்த மண்ணில் அதற்கு வேறொரு வரலாறும் உண்டு. அதை விட்டுவிட்டு இதைப் படிப்பிக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

முந்தி எங்கள் வீடுகளில் ஒரு சேலை லேசில் குப்பைக்குப் போகாது. பழசானால் பிள்ளைக்கு ஏணை. பிறகு தலையணை உறை. அதுவும் நைந்தால் அடுப்படியில் சட்டி இறக்கும் துணி. தமிழ் வீடு, முஸ்லிம் வீடு என்று இதில் வித்தியாசம் இருக்கவில்லை.

1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். தண்ணீரூற்று, நீராவிப்பிட்டிச் சனமும் அதில் அடக்கம். புத்தளத்துக் கிடுகுக் கொட்டில்களில் உம்மாமாரின் சேலைதான் எங்களுக்கு மறைப்பு, விரிப்பு, ஏணை எல்லாம்.

19 வருடம் கழித்து, நாங்கள் விட்டுவந்த அதே மாவட்டத்தில் தமிழ்ச் சனத்தின் சேலைக்கு வந்த கதி இதைவிடக் கொடியது.

2009 ஜனவரியில் கிளிநொச்சியும் முல்லைத்தீவு நகரமும் இராணுவத்திடம் போயின. சனம் மாத்தளன், பொக்கணை, முள்ளிவாய்க்கால் என்று கடலோர மணலுக்குள் ஒடுங்கியது. உள்ளூரில் என்றால் குழி வெட்டி, மேலே பனங்குற்றி அடுக்கி, மண் போட்டால் பங்கர். கடற்கரை மணலோ வெட்ட வெட்டச் சரியும். சரியாமல் நிற்க மூட்டை அடுக்கவேண்டும். அதற்குச் சாக்கும் இல்லை, உரப்பையும் இல்லை.

அதனால் பெண்கள் சேலைகளைக் கிழித்துப் பை தைத்தார்கள். இடம்பெயர்வில் காவிக்கொண்டு வந்த தையல் மெசின்கள் அதற்குத்தான் உதவின. கட்டிப் பழசான சேலை மட்டுமில்லை, பெட்டியில் மடித்து வைத்திருந்த பட்டும், கூறைச்சேலையும் மண் மூட்டையாயின. அந்தக் காலப் படங்களைப் பார்த்தால் பங்கரைச் சுற்றி சிவப்பும் பச்சையும் சரிகைக் கரையும் தெரியும்.

நாங்கள் அந்தப் பங்கர்களுக்குள் இருக்கவில்லை. யுத்தம் முடிந்து திரும்பி வந்தபிறகு அயலவர்கள் சொல்லித்தான் அறிந்தோம். கேட்டபோது புத்தளத்துக் கொட்டில்தான் நினைவுக்கு வந்தது. எங்கள் சேலை வெயிலை மறைத்தது. அவர்களின் சேலை ஷெல் துண்டைத் தடுக்கவேண்டியிருந்தது.

இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியாவில் 1941இலிருந்து உடுப்புக்குப் பங்கீடு. பழசைத் திருத்தி உடுத்தச் சொல்லி 1943இல் அரசாங்கமே கையேடு வெளியிட்டது. அது இன்று அங்கே வரலாற்றுப் பாடம். எங்கள் பெண்கள் தைத்த மூட்டைகள் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். பிள்ளைகளுக்குப் பழைய சேலையில் பை தைக்கப் பழக்குங்கள். பழக்கும்போது இந்தக் கதையையும் சொல்லுங்கள். வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் எந்தச் சேலை எதுவாக மாறியது என்று கேட்டு, ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். தமிழ் வீட்டிலும், முஸ்லிம் வீட்டிலும். சொல்லக்கூடியவர்கள் இன்னும் எங்களோடு இருக்கும்போதே இதைச் செய்யவேண்டும்.