நெய்வேலி: இரு வெடிப்புகளுக்கு இடைப்பட்ட 55 நாட்கள்

2020 மே 7 அன்று மாலை, நெய்வேலி என்.எல்.சி. இந்தியா நிறுவனத்தின் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் 6ஆவது அலகின் கொதிகலன் பகுதியில் வெடிப்பு நேர்ந்தது. எட்டுத் தொழிலாளர் தீக்காயமுற்றனர். அவர்களுள் ஐவர் பின்னர் சிகிச்சை பலனின்றி இறந்தனர். அதே நிலையத்தின் 5ஆவது அலகில் ஜூலை 1 அன்று காலை மீண்டும் ஒரு வெடிப்பு நேர்ந்தது. அன்றே ஆறு பேர் மாண்டனர். பதினேழு பேர் காயமுற்றனர். காயமுற்றோரும் அடுத்தடுத்து இறக்க, பலி எண்ணிக்கை பத்தைக் கடந்தது. இறந்தோரில் ஒப்பந்தத் தொழிலாளரே மிகுதி.

இரு வெடிப்புகளுக்கும் இடையே 55 நாட்கள் இருந்தன. முதல் வெடிப்பு எச்சரிக்கையாகக் கொள்ளப்படாமல் போனது ஏன் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

வெடித்தது எது?

கொதிகலன் விபத்து என்றதும் நீராவி அழுத்தம் தாங்காமல் குழாய் வெடிப்பதையே பலரும் எண்ணுவர். பழுப்பு நிலக்கரியை எரிக்கும் நிலையங்களில் வேறோர் ஆபத்தும் உண்டு. நெய்வேலி நிலக்கரியில் ஏறத்தாழப் பாதி ஈரம். அதை அரைத்துத் தூளாக்கி, சூடான காற்றோடு உலைக்குள் ஊதி எரிக்கின்றனர். இத்தூள் காற்றுபட்டாலே தானாகச் சூடேறிக் கனலும் இயல்புடையது. அலகு நிறுத்தப்பட்ட பின்னும், எரியாத தூளும் கனலும் சாம்பலும் உலையின் அடிப்பகுதியில் தங்கிவிடும். அவற்றைக் கிளறும்போதோ புதுக்காற்று புகும்போதோ தூள் மேகமாக எழுந்து நொடியில் தீப்பற்றும்.

ஜூலை 1 அன்று 5ஆவது அலகு இயக்கத்தில் இல்லை. நிறுத்தப்பட்டிருந்த அலகை மீண்டும் இயக்குவதற்கான பணி நடந்துகொண்டிருந்தது. அலகு ஓடும்போது கட்டுப்பாட்டு அறையில் இருப்போர் சிலரே. அலகு நிற்கும்போதுதான் உலையின் அருகே மனிதர் திரள்கின்றனர். தூளும் சாம்பலும் அகற்றும் வேலை அப்போதுதான் நடக்கும்.

கொதிகலன்கள் சட்டம், 1923 முதன்மையாக அழுத்தம் தாங்கும் பாகங்களின் வலிமையைக் கருதியது. அச்சட்டத்தின்கீழ்ப் பெற்ற ஆண்டுச் சான்றிதழ், உலையின் அடியில் கனலும் தூளுக்குப் பொறுப்பேற்கவில்லை. ஆவணத்தில் பாதுகாப்பாக உள்ள கொதிகலன், துடைப்பத்தோடு நிற்பவருக்குப் பாதுகாப்பானது என்று கொள்ள முடியாது.

செர்னோபிலின் பாடம்

உலகின் மிகப்பெரிய அணு உலை விபத்தும் உலை வழக்கம்போல் ஓடியபோது நேரவில்லை. 1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபிலின் 4ஆவது உலையை நிறுத்தும் வேளையில், ஒரு சோதனையின்போது அது வெடித்தது. உலையை அணைக்க வேண்டிய கட்டுப்பாட்டுத் தண்டுகளே தொடக்க நொடிகளில் வினையைக் கூட்டக்கூடும் என்ற வடிவமைப்புக் குறை, 1983 இலேயே இக்னாலினா அணுமின் நிலையத்தில் அறியப்பட்டிருந்தது. செர்னோபிலில் பொத்தானை அழுத்தியவர்களுக்கு அது உரியவாறு தெரிவிக்கப்படவில்லை.

தொழில்நுட்பம் வேறு, கேட்டின் அளவும் வேறு. எனினும் இரண்டு இடங்களிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: ஆபத்தைப் பற்றிய அறிவு, ஆபத்தின் அருகே நிற்பவரைச் சென்றடைந்ததா?

எச்சரிக்கும் உரிமை

போபால் பேரழிவுக்குப் பின், 1987 இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் புதிய அத்தியாயம் ஒன்று சேர்க்கப்பட்டது. ஆபத்தான செய்முறைகளின் பட்டியலில் மின் உற்பத்தியும் இடம்பெற்றது. ஆபத்துகளைத் தொழிலாளருக்கு வெளிப்படுத்துவது நிர்வாகத்தின் கடமை என்றது 41பி பிரிவு. உடனடி ஆபத்து இருப்பதாகக் கருதும் தொழிலாளர் அதை நிர்வாகத்தின் கவனத்துக்குக் கொண்டுசெல்லலாம், நிர்வாகம் உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றது 41எச் பிரிவு. 2020 இல் இவை நடப்பிலிருந்த சட்டங்கள்.

ஆயினும் இவ்வுரிமையை யார் பயன்படுத்த முடியும்? நிரந்தரத் தொழிலாளிக்குப் பணிப் பாதுகாப்பும் தொழிற்சங்கமும் உண்டு. ஒப்பந்தத் தொழிலாளியின் நுழைவு அனுமதிச் சீட்டு ஒப்பந்தக்காரரின் தயவில் உள்ளது. ‘இன்று உள்ளே இறங்க மாட்டேன்’ என்று சொல்பவருக்கு நாளை வேலை இராது. சட்டம் தந்த குரலை ஒப்பந்த முறை பறித்துவிடுகிறது.

இதில் சாதியின் இடத்தையும் காண வேண்டும். பொதுத்துறை நிறுவனத்தின் நேரடி நியமனங்களில் பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் இடஒதுக்கீடு உண்டு. அதே வேலை ஒப்பந்தக்காரரிடம் விடப்படும்போது இடஒதுக்கீடு அங்கேயே முடிந்துவிடுகிறது. நிரந்தரப் பணியிடம் ஒன்று மறையும்போது, ஒதுக்கப்பட்ட இடமும் சேர்ந்தே மறைகிறது. நிலம் கையகப்படுத்தப்படும்போது பட்டாதாரர் இழப்பீடும் வேலையும் கேட்கப் பட்டாவே ஆதாரமாகிறது. அந்நிலத்தில் கூலிவேலை செய்த, பட்டா இல்லாத சேரி மக்களின் கையில் அந்த ஆதாரமும் இல்லை. உழைப்பிழந்தவர் உலையடிக்குக் கூலியாக வந்துசேரும் பாதை இதுவே.

ஒருநாள் கேடும் அன்றாடக் கேடும்

அணு உலை விபத்து ஒரே நாளில் பரப்பும் கதிரியக்கம் தலைமுறைகளுக்கு நிலத்தில் தங்குகிறது. சீசியம்-137 பாதியாகக் குறையவே சுமார் 30 ஆண்டுகள் ஆகும். அனல்மின் நிலையத்தின் கேடு பெரும்பாலும் அன்றாடம் நிகழ்வது: சாம்பல், கந்தக ஆக்சைடு, பாதரசம். சுரங்கம் தோண்டுவதற்காக, நிலக்கரிப் படிவத்தின் அடியிலுள்ள நிலத்தடி நீரை இடைவிடாது இறைக்கவும் வேண்டியுள்ளது. பூவுலகின் நண்பர்களும் மந்தன் அத்யயன் கேந்திராவும் 2023 இல் வெளியிட்ட ஆய்வு, நெய்வேலியைச் சுற்றிய ஊர்களின் நீரில் பாதரசம் அனுமதித்த அளவைவிடப் பல மடங்கு இருப்பதைச் சுட்டியது. வெடிப்புக்குப் பெயரும் தேதியும் உண்டு. குடிநீரில் கலக்கும் நஞ்சுக்கு அவை இல்லாததால், அது ‘விபத்து’ என்று எண்ணப்படுவதில்லை.

சட்டத்தின் கையிருப்பு

ஜூலை வெடிப்பைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரித்து, நிறுவனத்துக்கு 5 கோடி ரூபாய் இடைக்கால அபராதம் விதித்தது. உச்ச நீதிமன்றம் எம்.சி. மேத்தா வழக்கில் 1986 இல் வகுத்த முழுப் பொறுப்புக் கோட்பாட்டின்படி, ஆபத்தான தொழில் நடத்துவோர் தம் தவறின்மையைக் காட்டித் தப்ப முடியாது. தீர்ப்பாயச் சட்டத்தின் 17ஆவது பிரிவும் தவறு நிறுவப்படாமலே பொறுப்பு உண்டு என்கிறது. இழப்பீடு கோரும் மனுவுக்கு 15ஆவது பிரிவு ஐந்தாண்டுக் காலம் தருகிறது. குடிநீர்க் கேட்டுக்காகப் போராடும் ஊர்கள் இந்தக் காலவரம்பை நினைவில் கொள்ள வேண்டும்.

எதிர்த்திசையிலும் சட்டம் நகர்ந்தது. இரண்டாம் வெடிப்பு நேர்ந்து மூன்று மாதங்கள் ஆகுமுன், 2020 செப்டம்பரில், பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் பொருந்துவதற்கான வரம்பு 20 பேரிலிருந்து 50 பேராக உயர்த்தப்பட்டது. சிறு ஒப்பந்தக்காரர்களிடம் பணிபுரிவோர் அவ்விதிகளின் காப்பிலிருந்து நழுவ இது வழிசெய்கிறது.

எனவே நம் கோரிக்கை இழப்பீட்டுத் தொகையோடு நின்றுவிடக் கூடாது. உலையைத் துப்புரவு செய்வது நிலையத்தின் நிரந்தர வேலை; அதற்கு இடஒதுக்கீட்டுடன் கூடிய நிரந்தரப் பணியிடங்கள் வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளரின் பிரதிநிதிகள் பாதுகாப்புக் குழுவில் இடம்பெற வேண்டும். விபத்து விசாரணை அறிக்கைகள் தமிழில், தொழிலாளர் கையில் தரப்பட வேண்டும். ஒரு வெடிப்புக்குப் பின், காரணம் அறியப்பட்டுச் சரிசெய்யப்படும்வரை, அதே வகை அலகுகளில் எவரையும் இறக்கக் கூடாது. இவை அந்த 55 நாட்களில் நடந்திருக்க வேண்டியவை.