404: ஆளில்லையா, வழியில்லையா?

இணையவழித் தொலைபேசியில் ஒருவரை அழைக்கும்போது நம் காதில் விழுவது மணியோசை மட்டுமே. அதன் பின்னணியில் இரு முனைகளிலும் உள்ள கணினிகள் மூன்று இலக்க எண்களில் உரையாடிக்கொள்கின்றன. 100 என்றால் முயற்சி நடைபெறுகிறது. 180 என்றால் மறுமுனையில் மணி ஒலிக்கிறது. 200 என்றால் அழைப்பு ஏற்கப்பட்டுவிட்டது. 486 என்றால் அவர் வேறோர் அழைப்பில் இருக்கிறார்.

இவ்வெண்களின் பூர்வீகம் தொலைபேசித் துறை அன்று. 1970களில் அமெரிக்காவின் ஆர்ப்பாநெற் வலையமைப்பில், கோப்புகளைப் பரிமாறும் எப்.ரி.பி. நெறிமுறைக்கென இம்முறை உருவாயிற்று. 1982இல் ஜோன் பொஸ்ரெல் வரைந்த மின்னஞ்சல் நெறிமுறையும், அதன்பின் உலகளாவிய வலையின் எச்.ரி.ரி.பி.யும் இதனையே பின்பற்றின. எண் இயந்திரத்திற்கு, அருகிலுள்ள சொல் மனிதருக்கு என்பதே இதன் தத்துவம். முழு எண்ணும் விளங்காவிடினும், முதலாம் இலக்கத்தைக் கொண்டே வெற்றியா தோல்வியா என்பதை இயந்திரம் அறிந்துகொள்ளும்.

1999 மார்ச்சில் ஹான்ட்லி, ஷுல்ஸ்ரின், ஸ்கூலர், ரோசன்பேர்க் ஆகிய நால்வரின் பெயரில் எஸ்.ஐ.பி. எனும் அழைப்பு நெறிமுறை வெளியாயிற்று. 2002 யூனில் அது திருத்தி எழுதப்பட்டது. வலையிடமிருந்து ஐந்து வகுப்புகளைப் பெற்றுக்கொண்ட இவர்கள், ஆறாவதாக ஒன்றைப் புதிதாகச் சேர்த்தனர். அதற்குக் காரணம் உண்டு. ஓர் அழைப்பு ஒருவரது வீட்டுத் தொலைபேசி, அலுவலகத் தொலைபேசி, கணினி ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் தேடிச் செல்லலாம். ஒன்றிலிருந்து 486 வந்தாலும் ஏனையவற்றில் தேடல் தொடரும். ஆனால் 600இல் தொடங்கும் மறுமொழி வந்தால் தேடல் முழுவதும் நின்றுவிடும். மறுப்பதற்கான காரணத்தை வெளியிட விரும்பாதவர் 603 என்று மட்டும் சொல்லலாம் என்றும் 2002ஆம் ஆண்டு ஆவணம் கூறுகிறது. காரணம் கூறாமல் மறுக்கும் உரிமைக்கும் ஓர் எண் கிடைத்தது எனலாம்.

சிக்கல் எழுந்தது பழைய தொலைபேசி வலையமைப்புடன் இதனை இணைத்தபோதுதான். அங்கு அழைப்பு தோல்வியடைந்ததற்கான காரணங்களுக்குத் தனியான எண்கள் இருந்தன. 1 என்றால் அப்படியொரு இலக்கம் எவருக்கும் வழங்கப்படவில்லை. 3 என்றால் அவ்விடத்திற்குச் செல்ல வழியில்லை. 2002 டிசம்பரில் வெளியான மொழிபெயர்ப்பு அட்டவணை இவ்விரண்டையுமே 404, அதாவது 'காணப்படவில்லை' என்று மாற்றியது. மணி ஒலித்தும் எவரும் எடுக்காத நிலை 19. சந்தாதாரர் தொடர்பெல்லைக்கு அப்பால் இருப்பது 20. இவ்விரண்டும் 480 ஆயின.

பொறியியலாளருக்கு இது சிறு விடயம். ஆனால், போர்க்காலத்தில் வடக்கிற்கான தொடர்புகள் துண்டிக்கப்பட்டிருந்த நாட்களில் வெளிநாடுகளிலிருந்து மீண்டும் மீண்டும் இலக்கங்களைச் சுழற்றியவர்களிடம் கேட்டுப்பாருங்கள். 'அப்படியொருவர் இல்லை' என்பதும் 'அவரிடம் செல்ல வழியில்லை' என்பதும் ஒன்றா? முன்னையது முடிவு. பின்னையதில் நம்பிக்கைக்கு இடமுண்டு.

இக்குறை கவனிக்கப்படாமல் விடப்படவில்லை. பழைய காரண எண்ணை எஸ்.ஐ.பி. மறுமொழியுடனேயே எடுத்துச்செல்ல 2011 நவம்பரில் வெளியான ஆவணமொன்று வழிசெய்தது. 2017இல் 607, 2019இல் 608 ஆகியன வந்தன. தேவையற்ற அழைப்பென்று அழைக்கப்பட்டவரே ஒதுக்கினால் 607. இடையிலுள்ள இயந்திரம் தடுத்தால் 608. தவறுதலாகத் தடுக்கப்பட்டவர் யாரிடம் முறையிடலாம் என்ற விபரத்தையும் 608உடன் அனுப்ப முடியும்.

4ஜி கைத்தொலைபேசிகளின் குரல் அழைப்புகளும் இன்று இந்நெறிமுறையிலேயே இயங்குகின்றன. 'இல்லை' என்று மட்டும் சொன்னால் போதாது, ஏன் இல்லை என்றும், யார் சொன்னது என்றும் தெரிந்தாக வேண்டும். செய்தியாளர்கள் தம் தொழிலில் கற்கும் இப்பாடத்தைக் கணினி வல்லுநர்களும் கற்றுக்கொள்ளப் பல ஆண்டுகள் சென்றிருக்கின்றன.