வீட்டு நாற்று வளர்ப்பு

வீட்டு நாற்று வளர்ப்பு என்பது விதைகளை நேரடியாக நிலத்தில் விதைக்காமல், தாழ்வாரத்திலோ சன்னலோரத்திலோ சிறு கலன்களில் முளைக்க வைத்து, நாற்று உறுதிபெற்ற பின்னர் தோட்டத்தில் நடும் முறையாகும். குளிர்நாடுகளில் உறைபனியிலிருந்து தப்பவே இம்முறை பின்பற்றப்படுகிறது. தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டத்திலுள்ள நெய்வேலி போன்ற வெப்பமண்டல ஊர்களில் காரணம் வேறு: கடும் வெயில், பெருமழை, எறும்பு ஆகியவற்றிடமிருந்து விதையைக் காப்பதே இங்கு நோக்கம். எனவே, மேலைநாட்டு நூல்கள் பரிந்துரைக்கும் சூடேற்றும் தட்டு இங்கு வீண்செலவே.

நெய்வேலிச் சூழல்

1956ல் தொடங்கப்பட்ட பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் (இன்றைய என்.எல்.சி. இந்தியா) பணியாளர்களுக்காக நெய்வேலி நகரியம் அமைக்கப்பட்டது. வட்டங்களாகப் பிரிக்கப்பட்ட இந்நகரியத்தில் பல குடியிருப்புகளில் தோட்டத்துக்கு இடம் உண்டு. இப்பகுதியின் செம்மண் காய்ந்தால் மேற்பரப்பு இறுகிவிடும். கத்தரி, மிளகாய் போன்ற சிறு விதைகளின் முளை அதைப் பிளந்து வெளிவருவது கடினம்.

ஆடியில் (ஜூலை நடு முதல் ஆகஸ்ட் நடு வரை) விதைத்தால், ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை வலுக்கும் முன்னர் செடி வேரூன்றிவிடும்.

விதைத்தல்

நீரில் அலசிய தென்னை நார்க்கழிவும் நன்கு மக்கிய தொழுவுரமும் கலந்த கலவை ஏற்றது. குழித்தட்டு இல்லையெனில், அடியில் துளையிட்ட தயிர்க் கோப்பைகள் போதும். விதையின் பருமனைப் போல் இரண்டு அல்லது மூன்று மடங்கு ஆழத்தில் விதைக்க வேண்டும். தக்காளி ஒரு வாரத்திற்குள் முளைக்கும். மிளகாய்க்குக் கூடுதல் நாட்கள் ஆகும். முளை தெரிந்தவுடன் கலன்களைக் காலை வெயில் படும் இடத்துக்கு மாற்ற வேண்டும். இருட்டில் வைத்த நாற்று ஒளியைத் தேடி மெலிந்து நீண்டு சாய்ந்துவிடும்.

நாற்றழுகல்

புதியவர்கள் நாற்றுகளை இழப்பது பெரும்பாலும் நீர் குறைவதால் அன்று, மிகுவதால்தான். ஈரம் தேங்கிய கலவையில் பித்தியம் முதலிய நுண்ணுயிரிகள் பெருகித் தண்டின் அடிப்பகுதியை அழுகச் செய்கின்றன. மாலையில் நன்றாக இருந்த நாற்று மறுநாள் காலை மடிந்து கிடக்கும். அதனைக் காப்பாற்ற இயலாது. தடுப்பதே வழி: நெருக்கமாக விதைக்காதிருத்தல், மேற்பரப்பு காய்ந்த பின்னரே நீர் தெளித்தல், காற்றோட்டம். ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதைநேர்த்தி செய்வதும் பயன் தரும்.

நடவு

தக்காளி ஏறத்தாழ 25 நாட்களிலும் கத்தரி 30 முதல் 35 நாட்களிலும் நடவுக்கு ஆயத்தமாகும். அதற்கு முந்தைய வாரத்தில் நீரைக் குறைத்து, வெயிலில் வைக்கும் நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். இதனைக் கடினப்படுத்துதல் என்பர். நடவை மாலையில் செய்வது நல்லது.

பிற பயிர்கள்

வெண்டை, அவரை, முள்ளங்கி ஆகியவற்றை நேரடியாக நிலத்தில் விதைப்பதே எளிது. பலா விதையைச் சேமித்து வைக்க இயலாது; உலர்ந்தால் முளைப்புத் திறனை இழக்கும். பழத்திலிருந்து எடுத்தவுடன் ஆழமான நெகிழிப் பைகளில் ஊன்ற வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயலில் இம்மாவட்டத்தின் பலா, முந்திரி மரங்கள் பெருமளவில் சாய்ந்தன. விதையிலிருந்து வரும் பலா தாய்மரத்தை ஒத்த பழம் தரும் என்ற உறுதியில்லை. காய்ப்புக்கும் பல ஆண்டுகள் ஆகும். எனவே மறுநடவுக்கு ஒட்டுக்கன்றுகளே விரும்பப்படுகின்றன. எனினும், அவ்வொட்டுக்கு வேர்ச்செடியாவது பையில் விதையிட்டு வளர்த்த நாற்றே ஆகும்.