நின்ற மாடும் நிறுத்த கறியும்: கண்டாங் கெர்பாவ் முதல் கீழடி வரை ஓர் அளவைச் சிக்கல்

சிங்கப்பூர்த் தமிழர் நாவில் தேக்கா என வழங்கும் இடப்பெயர், மூங்கிலடி என்று பொருள்படும் ஹொக்கியன் தொடரின் மரூஉ ஆகும். அதே இடத்திற்கு மலாய் வழக்கில் கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைப்பட்டி, என்று பெயர். இன்றும் அங்கே பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை என இரண்டு சாலைகள் உள்ளன. ஒரே விலங்கின் பெயர் ஒன்றில் ஆங்கிலத்திலும் மற்றொன்றில் மலாயிலும் நிற்கிறது. சற்றுத் தள்ளியுள்ள பெலிலியஸ் சாலை, கல்கத்தாவிலிருந்து வந்து மாட்டு வாணிகத்தில் பொருளீட்டிய யூதர் ஐ. ஆர். பெலிலியஸின் பெயரைத் தாங்கியது. டெஸ்கர் சாலைக்குப் பெயரளித்த ஆந்திரே பிலிப் டெஸ்கர் இறைச்சித் தொழில் நடத்திய யுரேசியர். காரைக்காலிலிருந்து வந்து ‘மாட்டு மன்னர்’ எனப் பெயர் பெற்ற மூனா காதர் சுல்தான், 1920ஐ ஒட்டிக் கத்தோங் கடற்கரையில் எழுப்பிய காரைக்கால் மஹால் என்னும் மாளிகை, இவ்வாணிகத்தில் புழங்கிய செல்வத்தின் அளவை உணர்த்தப் போதுமானது. ரோச்சோர் ஆற்றங்கரையின் நீரும் புல்லும் இவ்வாணிகம் அங்கே வேரூன்றக் காரணமாயின.

இவ்வாணிகத்தைப் பற்றி எழுதுவோர் (நானும் அதற்கு விலக்கல்லேன்) வழக்கமாக ஒரு குறுக்குவழியை மேற்கொள்கின்றனர். இறக்குமதியான மாடுகளின் தலைக்கணக்கை எடுத்து, அதனை ஒரு சராசரி இறைச்சி அளவால் பெருக்கி, நகரத்தின் உணவுக் கணக்கு இதுவென முடித்துவிடுகின்றனர். அந்தச் சராசரி எங்கிருந்து வந்தது என்று கேட்போர் அரியர். ஒரு பெருவிலங்கிலிருந்து எவ்வளவு இறைச்சி கிடைக்கும் என்பது தராசு விடைசொல்ல வேண்டிய எளிய வினாவாகத் தோன்றலாம். ஆயினும் அவ்விடை விலங்கை மட்டும் பொறுத்ததன்று. அதனைப் பங்கிடும் சமுதாயத்தையும் பொறுத்தது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

முதலில் விலங்கையே பார்ப்போம். தராசில் ஏற்ற இயலாத மாட்டின் எடையை அறிய, கால்நடை மருத்துவர் நெடுநாளாகக் கையாளும் ஒரு வாய்பாடு உண்டு. முன்னங்கால்களுக்குப் பின்னுள்ள மார்புச் சுற்றளவை அங்குலத்தில் அளந்து, அதன் வர்க்கத்தை உடல் நீளத்தால் பெருக்கி, 300ஆல் வகுத்தால் எடை ஏறத்தாழப் பவுண்டில் கிடைக்கும். மார்புச் சுற்று 66 அங்குலமும் நீளம் 54 அங்குலமும் உள்ள எருமை ஒன்றை எடுத்துக்கொண்டால் விடை 784 பவுண்டு, அதாவது சுமார் 356 கிலோகிராம். 1970களில் மெட்ரிக் முறை பரவும்வரை சிங்கப்பூர்ச் சந்தைகளில் காத்தியே அளவு. ஒரு காத்தி என்பது ஒன்றேமூன்றில்ஒரு பவுண்டு, ஏறத்தாழ 605 கிராம். நூறு காத்தி ஒரு பிக்குல். ஆகவே நம் எருமை உயிரோடு நிற்கையில் 588 காத்தி.

இதில் பாதியளவுகூட இறைச்சிக் கடைக்குச் செல்வதில்லை. தலை, தோல், குளம்பு, குருதி, குடல், உள்ளுறுப்புகள் ஆகியவை நீங்கியபின் எஞ்சும் உரித்த உடலின் எடை, எருமையில் பெரும்பாலும் உயிர் எடையின் 45 முதல் 50 விழுக்காடு. பசுவினத்தில் இது சற்றுக் கூடுதலாக இருக்கும். எருமையின் தடித்த தோலும் கனத்த தலையும் இவ்வேறுபாட்டிற்கு முதன்மைக் காரணங்கள். 48 விழுக்காடு எனக் கொண்டால் நம் எருமை தருவது 171 கிலோகிராம், அதாவது 283 காத்தி. எலும்பும் நரம்பும் கால்பங்கு எனக் கழித்தால் தனிக்கறி 128 கிலோகிராம், 212 காத்தி. அதையே உப்பிட்டு வெயிலில் உலர்த்தி உப்புக்கண்டமாக்கினால், பச்சை இறைச்சியில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீராதலால், மூன்றில் ஒரு பங்கோ அதனினும் குறைவோதான் மிஞ்சும். ஆக 588, 283, 212 என்னும் மூன்று எண்களும் ஒரே விலங்கைப் பற்றிய உண்மைகளே. ஆய்வாளர் எந்த எண்ணை எடுத்துக்கொண்டார் என்று சொல்லாவிட்டால் அவரது பெருக்கல் பொருளற்றதாகிவிடும்.

அசைபோடும் விலங்கின் வயிற்றில் கிடக்கும் தீனியும் நீரும் மட்டுமே உயிர் எடையில் எட்டில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் ஒரு பங்குவரை இருக்கக்கூடும். சியாமிலிருந்தும் பாலியிலிருந்தும் கப்பலில் வந்த மாடு வழியிலேயே எடை இழந்துவிடும். கரையேறியபின் புல்லும் நீரும் கண்டால் அவ்விழப்பில் ஒரு பகுதி ஓரிரு நாளில் திரும்பிவிடும். ஆனால் அவ்வாறு கூடியது நீரும் தீனியுமேயன்றித் தசையன்று. மாட்டை வாங்குவோர் இதனை அறிந்திருந்தனர். வயிறு புடைத்த மாட்டை அவர்கள் வயிற்றைக் கொண்டு மதிப்பதில்லை. தேக்கா ஈரச்சந்தையில் நெடுங்காலம் தொழில் செய்த முதியவர் ஒருவரிடம் நான் இதுபற்றிக் கேட்டபோது, மாட்டின் பக்கத்தில் நின்று பார்ப்பவன் ஏமாறுவான், பின்னால் நின்று பார்க்கவேண்டும் என்றார். வாலடி, தொடையின் உட்புறம், இடுப்பெலும்பின் மேல் விரலை அழுத்தினால் தட்டுப்படும் சதை ஆகிய இம்மூன்றும் போதும் என்பது அவர் கருத்து. எவ்வளவு கறி தேறும் என்ற என் வினாவிற்கு உடனே விடை கூறாமல், எலும்போடா எலும்பில்லாமலா, தலை யாருக்கு, போட்டி யாருக்கு என்று என்னையே திருப்பிக் கேட்டார். மூன்று ஆண்டுகள் அயல்நாட்டு ஆய்வுக்கூடத்தில் எலும்புகளைத் தரம்பிரித்தும் நான் முறையாகக் கேட்கக் கற்றிராத வினாக்கள் அவை.

‘போட்டி யாருக்கு’ என்பது இங்குக் கருதத்தக்கது. கடைக்காரரின் கணக்கில் கழிவாகும் தலை, கால், ஈரல், நுரையீரல், குடல் ஆகியவை உண்போர் கணக்கில் உணவு. முதல்தரக் கறி வசதியுடையோருக்கும் உணவு விடுதிகளுக்கும் செல்ல, மலிவான இவ்வுறுப்புகளே எளியோர் அடுப்பிற்கு வரும். ஆகவே 48 விழுக்காடு என்பது உரித்த உடலை விற்ற ஒருவரின் எண்ணே. அதனைக் கொண்டு கூலித்தொழிலாளர் உண்ட இறைச்சியை அளந்தால் குறைத்தே அளப்போம்.

தமிழகச் சிற்றூர்களின் கூறு முறை இதற்கு நேர்மாறான கணக்கு. பலர் சேர்ந்து பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஓர் ஆட்டை வாங்கி, அறுத்து, தசை, எலும்பு, ஈரல், கொழுப்பு ஆகியவற்றில் ஒவ்வொன்றும் சிறிதளவேனும் எல்லாக் குவியலிலும் இருக்குமாறு இலைகளில் பரப்பிப் பங்கிடுவர். இங்கே தராசு தேவையில்லை. ஆனால் விலங்கை வாங்குமுன்பே, இது எத்தனைக் கூறு தாங்கும் என்று ஒருவர் சொல்லியாக வேண்டும். அவர் இடுப்பைப் பிடித்துத் தூக்கிப் பார்த்துச் சொல்லும் எண் கிலோகிராமில் அமைவதன்று. குடும்பங்களின் எண்ணிக்கையில் அமைவது.

பட்டியை விட்டுக் காட்டிற்குச் சென்றால் சிக்கல் மேலும் முற்றுகிறது. மலாயாக் காடுகளில் வேட்டையாடப்பட்ட பெருவிலங்குகளுள் தலையாயது செலாடாங். தமிழில் இதனைக் காட்டெருமை என்பது பிழைபட்ட வழக்கு. அது எருமையினத்தைச் சேராது பசுவினத்தைச் சேர்ந்தது. சங்கப் புலவர் ‘ஆமா’ என்றது பொருத்தமான பெயர். வளர்ந்த காளை 600 முதல் 1,000 கிலோகிராம்வரை இருக்கும். பாதி எனக் கொண்டாலும் 300 முதல் 500 கிலோகிராம் இறைச்சி. ஆயின் தியோடர் ஹப்பக் 1905இல் வெளியிட்ட யானை, செலாடாங் வேட்டை நூல் முதலான ஆங்கிலேயர் பதிவுகளில் முதன்மை பெறுவன கொம்பின் நீளமும் தோளின் உயரமுமே. இலண்டனில் ரோலண்ட் வார்டு 1892இல் தொகுக்கத் தொடங்கிய பெருவேட்டைப் பதிவேட்டின் நோக்கமும் அதுவே. துப்பாக்கி பிடித்தவருக்குக் கொம்பு, வழிகாட்டிக்கும் சுமைகூலிகளுக்கும் இறைச்சி என்பதே நடைமுறைப் பிரிவினை. இறைச்சியைப் பெற்றோர் பதிவேடு எழுதவில்லை. மேலும், உயிர் பிரிவதற்குமுன் முறைப்படி அறுக்க இயலாமற்போன விலங்கை உண்ண மலாய் வழிகாட்டிகள் தயங்கினர். அந்நிலையில் 400 கிலோகிராம் என மதிக்கத்தக்க விலங்கு ஒரு குழுவினருக்குச் சுழியம். அருகிலுள்ள வேறொரு குழுவினருக்குப் பல நாள் உணவு.

தொல்லியலார் இச்சிக்கலை அடியிலிருந்து, அதாவது எலும்பிலிருந்து, தொடங்குகின்றனர். 1953இல் தியோடர் ஒயிட் என்னும் அமெரிக்கர் ஒரு முறையை முன்வைத்தார். கிடைத்த எலும்புகளிலிருந்து குறைந்த அளவு எத்தனை விலங்குகள் என்று கணித்து, மான் போன்ற நீள்கால் விலங்காயின் உயிர் எடையில் 50 விழுக்காடும், பன்றி போன்ற குறுங்கால் விலங்காயின் 70 விழுக்காடும் உண்ணத்தக்கது எனக் கொள்வதே அம்முறை. எளிமையால் அது பரவியது. அவ்வெளிமையே அதன் குறையுமாயிற்று. 1968இல் துருக்கியின் சுபெர்டே அகழாய்வை ஆராய்ந்த டெக்ஸ்டர் பெர்கின்சும் பாட்ரிசியா டேலியும், வேட்டையாடியோர் பெருவிலங்கை வீழ்த்திய இடத்திலேயே தசையை அறுத்து, தோலில் சுமந்துவந்தனர் என்று வாதிட்டனர். கால் நுனி எலும்புகள் மிகுதியாகவும் தசை மிக்க எலும்புகள் குறைவாகவும் ஊருக்குள் கிடைத்ததை அவர்கள் அவ்வாறு விளக்கினர். அதாவது எலும்பு குறைந்த இடத்தில் இறைச்சி மிகுந்திருக்கலாம்.

இஃது அயல்நாட்டு வாதமன்று, நமக்கும் உரியது. கீழடி பற்றித் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கையின்படி, புணே டெக்கான் கல்லூரிக்கு அனுப்பப்பட்ட 70 எலும்புத் துண்டுகளில் மாடு, எருமை, ஆடு, செம்மறி ஆகியவற்றோடு நீலான், புல்வாய், காட்டுப்பன்றி, மயில் ஆகியவையும் இனங்காணப்பட்டன. இச்செய்தி வெளிவந்தவுடன் மேடைகளிலும் கட்டுரைகளிலும் கீழடி மக்கள் எதை எவ்வளவு உண்டனர் என்ற கணக்குகள் எழுந்தன. வளர்ந்த ஆண் நீலான் 200 கிலோகிராமைத் தாண்டும். ஒயிட் முறைப்படி ஒரு துண்டு எலும்பு 100 கிலோகிராம் இறைச்சியாகிவிடும்! அத்துண்டு முழு விலங்கின் எச்சமா, யாரோ ஒருவர் பங்காகப் பெற்றுவந்த தொடையின் எச்சமா என்பதை எண்ணிக்கை சொல்லாது. எலும்பு எந்த உறுப்பினது, அதில் வெட்டுக்காயம் எங்கே அமைந்தது என்பனவே சொல்லும். பங்கிடும் வழக்கம் தமிழருக்குப் புதிதன்று. புறநானூற்றின் 150ஆம் பாட்டில், காட்டில் பசித்துத் தளர்ந்திருந்த வன்பரணருக்கும் அவர் சுற்றத்தாருக்கும் கொழுத்த ஊனைத் தானே சுட்டளித்து விரைந்து மறைந்த நள்ளியைக் காண்கிறோம். அவன் வேட்டையின் எலும்புகள் அவன் ஊர்க் குப்பைமேட்டில் கிடக்கப்போவதில்லை.

மீண்டும் கண்டாங் கெர்பாவிற்கு வருவோம். இறக்குமதித் தலைக்கணக்கைப் பயன்படுத்துவோர் முதலில் பிரிக்கவேண்டியது விலங்கின் பயன்பாட்டை. சிராங்கூன் பகுதியில் பால் மாடுகளும் இருந்தன, வண்டி மாடுகளும் இருந்தன. இவை பிறகு இறைச்சியாயிருக்கலாம், ஆயின் இறக்குமதியான ஆண்டிலேயே அன்று. உழைத்து இளைத்த கிழட்டு வண்டிமாட்டிற்கும் கொழுத்த இளங்காளைக்கும் ஒரே விழுக்காடு பொருந்தாது. அடுத்து, உரித்த எடையையும் உறுப்பு எடையையும் தனித்தனியே காட்டவேண்டும். 1930களில் நகராட்சிக் கட்டுப்பாடுகளால் மாட்டுத் தொழில் இப்பகுதியிலிருந்து விலகியது. 1915இல் எழுந்த சந்தை 1982இல் சாலையின் மறுபுறம் இடம்பெயர்ந்து, 2000இல் தேக்கா நிலையம் எனப் பெயர் பெற்றது. விரலை அழுத்திக் காத்தி சொன்னோரின் தலைமுறை அருகிவருகிறது. ஏட்டில் ஏறாத அவர்களது விழுக்காடுகளை, இன ஒப்பீட்டோடும் உறுப்புப் பங்கீட்டோடும் சேர்த்து, வாய்மொழி வரலாறாகப் பதிவு செய்யும் பணியை மாணவர் சிலருடன் தொடங்கியுள்ளேன். முதற்கட்டமாகக் கேட்கப்படும் வினாக்களின் வரிசையில், எத்தனைக் காத்தி என்பதற்குமுன் தலை யாருக்கு என்பதை வைத்திருக்கிறோம்.