அன்று மனைவி, பிறகு அம்மா!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து இந்தக் கள்ளக்குறிச்சிப் பந்தலில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே!

'நடிப்புக்கு வயசு கிடையாது'ன்னு எதிரணியில சொன்னாங்க. ஆணுக்குக் கிடையாது, பெண்ணுக்கு உண்டு. வரலாற்றைச் சொல்றேன், கேளுங்க.

1975-ல் 'அபூர்வ ராகங்கள்'. ரஜினிகாந்துக்கு முதல் படம். ஸ்ரீவித்யாவுக்குக் கணவரா வந்தார். 1991-ல் 'தளபதி'. அதே ஸ்ரீவித்யா அவருக்கு அம்மா! ரஜினி பிறந்தது 1950. ஸ்ரீவித்யா பிறந்தது 1953. மகனைவிட அம்மா இளையவர்! (சிரிப்பு)

சுஜாதா? 1977-ல் 'அவர்கள்' படத்தில் அவருக்கு மனைவி; 2002-ல் 'பாபா'வில் அம்மா.

ஐயா, ரஜினியை நான் குறை சொல்லலை. அந்த வழக்கத்தைத்தான் சொல்றேன்.

'அரிதாரம் பூசினா யாரும் யாராகவும் ஆகலாமே' என்பீர்கள். வாஸ்தவம். நம்ம பக்கத்துத் தெருக்கூத்தில் நரைத்த ஆண் கலைஞர் திரௌபதியா வந்தாலும் விடிய விடிய நம்புகிறோம். அந்த நம்பிக்கையை சினிமா ஏன் நாயகனுக்கு மட்டும் கொடுக்குது?

நாற்பது வயசுப் பெண் இருபதாக நடிக்க வேண்டாம். நாற்பதாகவே, கதையின் நாயகியா வரட்டும். 2015-ல் ஜோதிகா '36 வயதினிலே' படத்தில் வந்தாரே, குடும்பத்தோடு போய்ப் பார்த்தோமே! (கைதட்டல்)

வயசானது நடிகைக்கு மட்டுமில்லை, நாயகனுக்கும்தான். தண்டனை மட்டும் ஏன் ஒருத்திக்கு? நல்ல தீர்ப்பாகத் தாருங்கள்.